பத்துக் கை போதும்

அத்தியாயம் பதினான்கு

இல்யாஷியில் ஐம்பதாயிரம் பேர் சேர்ந்த சந்தோஷத்தில் சான்ஸா வாங்கி வந்த கேக் இன்னும் பாதி அப்படியே இருந்தது. சனிக்கிழமைச் சண்டைக்குப் பிறகு அதை வெட்டித் தின்ன வீட்டில் யாருக்கும் மனசு வரவில்லை.

"இனிமே புதுசா யாரையும் சேர்க்க வேணாம்" என்று கம்பாம்பா சொன்னதும், "ஊரே நம்ம வீட்டுக்கு வருது, நீ கதவைச் சாத்தச் சொல்றியா?" என்று அவள் புருஷன் சான்ஸா எகிறியதும் உங்களுக்கு மறந்திருக்காது. மறந்தவர்களுக்கு ஒரு வார்த்தை.

'இல்யாஷி', அதாவது பெம்பா மொழியில் பேச்சு, கம்பாம்பா ஆரம்பித்தது. லுவான்ஷியாவின் பழைய சுரங்கக் குடியிருப்பில் இரண்டு தெருப் பெண்களுக்காக. தண்ணீர் எப்போது வரும், கரண்ட் எப்போது போகும், யார் வீட்டில் சாவு, அவ்வளவுதான் செய்தி. நாத்தனார் மகன் தலைநகர் லுசாக்காவிலிருந்து அதைப் போனில் ஓடும்படி செய்து கொடுத்தான். பிடித்த செய்தி மேலே ஏறும். பிடிக்காவிட்டால் சிவப்புக் கையைத் தட்டலாம். பத்துச் சிவப்புக் கை சேர்ந்தால் செய்தி தானாகக் கீழே விழுந்துவிடும்.

அந்தப் பத்து, கம்பாம்பா வைத்த கணக்கு. இருநூறு பேர் இருந்த காலத்தில் பத்துப் பேர் ஒன்றாக முகம் சுளிப்பது பெரிய விஷயம். கூட்டம் ஐம்பதாயிரம் ஆனது. பத்து பத்தாகவே நின்றுவிட்டது. யாருக்கும் அதை மாற்றத் தோன்றவில்லை.

அன்று காலையிலேயே கரண்ட் போய்விட்டது. கம்பாம்பாவின் முன்னறை சலூனில் பின்னல் வேலை மட்டும்தான் நடந்தது. நாற்காலியில் பக்கத்துத் தெரு பூப்பே. பாதித் தலை பின்னி முடிந்திருந்தது, மறுபாதி பரட்டையாக நின்றது.

"அக்கா, இதப் பாத்தீங்களா? பிள்ளை பிடிக்கிறவன் நம்ம ஊருக்கே வந்துட்டானாம்."

"அவன் எந்த ஊர்லதான் இல்ல? தலையை ஆட்டாத."

"இல்லக்கா, வண்டி நம்பரோட போட்டோ போட்டிருக்காங்க. உள்ள நெறயப் பிள்ளைங்க. ஐயோ, ஒரு குட்டி கண்ணாடியில மூக்கை அமுக்கிக்கிட்டு அழுவுது பாருங்க."

கம்பாம்பா சீப்பை வாயில் கவ்விக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

குழந்தை அழவில்லை. பழிப்புக் காட்டிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடும் குழந்தைகளில் ஒன்று. சாம்பல் நிற வேன். பின்கதவில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளம் கம்பாம்பா போட்டது, போன வருஷம் வண்டி ஓட்டப் பழகுகிறேன் என்று போய்ச் சுவரில் சாத்தியபோது.

அது அவள் தம்பி லுபுடோவின் வண்டி.

படத்துக்கு மேலே எழுதியிருந்தது: "பிள்ளை பிடிக்கக் கிளம்பிட்டான். உங்க பிள்ளைங்களை எண்ணிப் பாத்துக்குங்க."

போட்டவன் பெயர் 'ஊர்க்காவலன்'. இல்யாஷியில் எந்தச் சண்டையிலும் முதல் ஆள். யார் பெற்ற பிள்ளையோ, எந்த ஊரோ, ஒருவருக்கும் தெரியாது.

"யாரு வண்டிக்கா இது? எங்கயோ பாத்த மாதிரி இருக்கு" என்றாள் பூப்பே.

"ஊர்ல பாதி வேன் இதே கலர்தான்" என்றாள் கம்பாம்பா. போட்ட பின்னலையே அவள் மறுபடி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

லுபுடோ விடிவதற்குள் ம்போங்வேக்குக் கிளம்பிப் போயிருந்தான். அங்கே விடுதியில் தங்கிப் படிக்கும் கம்பாம்பாவின் மகள் பெசாவை லீவுக்கு அழைத்துவர. இந்நேரம் திரும்பிக்கொண்டிருப்பான். சாம்பல் நிற வேனில், பக்கத்தில் ஒரு பதினைந்து வயதுப் பெண்ணோடு.

அவள் கூப்பிட்டாள். தம்பியின் போன் அணைந்திருந்தது. மகளுக்குப் பள்ளியில் போனே கிடையாது.

இல்யாஷியை நடத்துகிறவள் என்ற உரிமையில் அந்தச் செய்தியை நீக்கினாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் அதே படம் வேறு நான்கு பேர் பெயரில் ஏறியது. இப்போது கூடவே ஒரு கேள்வியும்: "ஏன் நீக்கினார்கள்? யாரைக் காப்பாற்றுகிறார்கள்?" அது முன்னதைவிட வேகமாக மேலே போனது.

"உனக்கு மீதியை சாயந்திரம் போடறேன், பூப்பே."

"பாதித் தலையோடயா போவேன்? என்னக்கா நீங்க!"

"துணியைச் சுத்திக்கிட்டுப் போ தாயே."

பூப்பே முறைத்துக்கொண்டே போனாள். வாசல் தாண்டியதும் திரும்பி ஒருமுறை வீட்டைப் பார்த்தாள். கம்பாம்பாவுக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை.

அவள் போன கையோடு ஜெரே ஓடி வந்தான். எதிர்த்த ரொட்டிக்கடைக்காரன். முழங்கை வரை மாவு.

"அக்கா, சத்தியமா விளையாட்டுக்குத்தான் போட்டேன்."

"நீயா?"

"நான் போட்டது இது இல்லக்கா! முழுசாப் பாருங்க." தன் போனை நீட்டினான். நேற்று சாயங்காலம், மழைக்குப் பயந்து சர்ச் பிள்ளைகளை லுபுடோ வண்டியில் ஏற்றிக்கொண்டபோது எடுத்த படம். கீழே ஜெரே எழுதியிருந்தான்: "பெம்பாக்காரன் பிள்ளை பிடிக்கக் கிளம்பிட்டான். காட்டுல குரங்கு தீந்துபோச்சாம், ராத்திரிக் குழம்புக்கு அவனும் என்னதான் செய்வான்? உங்க பிள்ளைங்களை எண்ணிப் பாத்துக்குங்க. என் நண்பன் லுபுடோவுக்கு உப்பு இருந்தா குடுங்க."

ஜெரே ங்கோனி இனம். கம்பாம்பா குடும்பம் பெம்பா. ஒரு காலத்தில் இந்த இரண்டு இனமும் வெட்டிக்கொண்டு செத்தவர்கள். சண்டை ஓய்ந்தபின் கேலி முறைக்காரர்கள் ஆகிவிட்டார்கள்; பெம்பாக்காரன் குரங்கு தின்னி, ங்கோனிக்காரன் எலி தின்னி. கம்பாம்பாவின் அப்பாவைக் குழியில் இறக்கும்போது இதே ஜெரே வந்து நின்று, "ஒரு திருடன் கொறைஞ்சான், இன்னிக்கு நிம்மதியாத் தூங்கலாம்" என்றான். அழுதுகொண்டிருந்த வீடு முழுக்கச் சிரித்தது. அந்தக் கேலிக்குக் கோபப்படுகிறவனைத்தான் ஊர் தப்பாகப் பேசும்.

இருநூறு பேர் இருந்த இல்யாஷியில் ஜெரேவின் வம்புக்காகவே காலையில் போனைத் திறப்பார்கள். இப்போது இருப்பவர்களில் பாதிக்கு மேல் இந்தத் தெருவை மிதித்ததே இல்லை. குரங்கையும் உப்பையும் நண்பனையும் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை ஒருவன் போட்டான். மிச்சம்தான் ஏறியது.

"டேய் எலி தின்னி, உன் வாய்க்கு என் தம்பிதான் கெடச்சானா?"

வேறு நாளாக இருந்தால் "குரங்கு தின்னிக்குக் கோபத்தைப் பாரு" என்று பதில் பாய்ந்து வந்திருக்கும். ஜெரே தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அதைப் பார்த்ததும்தான் விஷயம் எவ்வளவு முற்றிவிட்டது என்று கம்பாம்பாவுக்குப் புரிந்தது.

"கேலிதான்னு எழுதிப் போட்டேன்க்கா. மூணு தடவை போட்டேன். போட்ட வேகத்துல பத்துக் கை விழுந்து காணாமப் போயிடுது."

அவளும் எழுதினாள். 'இது லுபுடோவின் வண்டி, சர்ச் பிள்ளைகள், எல்லோரும் வீட்டில் பத்திரமாக இருக்கிறார்கள்' என்று ஒரு தாயின் பெயரையும் சேர்த்துப் போட்டாள். சிவப்புக் கைகள் ஒவ்வொன்றாக முளைத்தன. பத்தாவது விழுந்ததும் அவள் எழுதியது கண்ணெதிரே மறைந்தது.

ஐம்பதாயிரம் பேரில் சிவப்புக் கையைத் தட்டுகிறவர்கள் எப்போதும் அதே கும்பல். எல்லோரையும் ஒரு மினிபஸ்ஸில் அடைத்துவிடலாம். மீதிப் பேர் பார்ப்பார்கள், உச்சுக் கொட்டுவார்கள், அடுப்பைப் பார்க்கப் போவார்கள்.

"நின்னுக்கிட்டே இருக்காத" என்று சீறினாள் கம்பாம்பா. "எங்கயாவது ஒரு வண்டியைப் புடி. அவன் வர்ற வழியில போய் மடக்கிக் கூட்டிக்கிட்டு வா. என் தம்பியும் மகளும் இல்லாம என் வாசல்ல வந்து நிக்காத, ஆமா!"

"போறேன்க்கா" என்றான். எப்போதும் சிரிக்கிற முகம் அப்படி வெளுத்து அவள் பார்த்ததில்லை. கையில் மாவோடேயே ஓடினான்.

கம்பாம்பா ஓடிப்போய்ச் சேர்ந்தபோது, சந்தை ஓரத்துப் போன் ரிப்பேர் கடையில் சான்ஸா ஏற்கெனவே எல்லாவற்றையும் பார்த்துவிட்டிருந்தான். சுரங்கத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன். வேலை போனபின் இந்தக் கடை. பழைய கார் பேட்டரியில் இரண்டு போன்கள் உயிரோடு இருந்தன.

"போலீஸ்ல சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

"சொன்னேன். 'நாங்களும் அந்த வண்டியைத்தான் தேடிக்கிட்டிருக்கோம், எங்க இருக்குன்னு தெரிஞ்சா சொல்லுங்க'ங்கறான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"போனை வெச்சுட்டேன்."

கம்பாம்பா ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அந்தப் பத்தை மாத்தச் சொல்லுங்க. ஆயிரமாக்கச் சொல்லுங்க உங்க தங்கச்சி மகனை."

"எடுக்க மாட்டேங்கறான். வேலை நேரம்."

"கதவைத் தொறந்து விட்டீங்களே, இப்ப யாரு உள்ள இருக்கான்னு தெரியுதா?"

"கதவைத் தொறந்தது நான்தான். பத்துன்னு தாழ்ப்பாள் போட்டது யாரு?" என்றான் சான்ஸா. சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான். "விடு, பெசாம்மா. நம்ம சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம். இதப் பாரு."

வேனைப் பார்த்தவர்கள் எழுத ஆரம்பித்திருந்தார்கள்.

"சோள மண்டிக்குப் பக்கத்தில் கண்டேன். ஒரு பெண் பிள்ளை முன்சீட்டில்." கொஞ்ச நேரத்தில் இன்னொன்று: "கரி விற்கிற இடத்தைத் தாண்டிவிட்டான்." அதன் கீழே, "ஊருக்குள் நுழையும் பாலத்தில் கட்டை போட்டாச்சு. வரட்டும்." கீழே சிரிக்கும் முகங்கள் வரிசையாக.

"எல்லாத்தையும் மொத்தமா மூடிடுங்க!" என்று எழுந்தாள் அவள். "இல்யாஷியே வேணாம். அணைச்சுடுங்க."

"அணைச்சா?" சான்ஸா அவளைப் பார்த்தான். "பாலத்துல இருக்கறவன் வீட்டுக்குப் போயிடுவானா? அவங்க கட்டை அங்கயேதான் இருக்கும். பிள்ளை எங்க வருதுன்னு நமக்குத்தான் தெரியாமப் போயிடும்."

அதுதான் கொடுமை. மகளை வேட்டையாடுகிற கண்களே மகள் இன்னும் உயிரோடு வந்துகொண்டிருக்கிறாள் என்று தாய்க்குச் சொல்லிக்கொண்டிருந்தன.

கம்பாம்பா கடைப் போனைக் கையில் எடுத்தாள். 'சான்ஸா போன் ரிப்பேர்' என்ற பெயரில் அதிலும் இல்யாஷி இருந்தது. விலை விசாரிக்க மட்டும் பயன்படுகிற பெயர். அதன்மேல் யாருக்கும் பகையில்லை, சந்தேகமும் இல்லை.

"என்ன பண்ணப்போற?"

"பாலத்துல இருக்கறவங்களைக் கெளப்பி எதிர்ப்பக்கம் அனுப்பப்போறேன்."

"பொய்யா?"

"ஆமா."

இல்யாஷியில் அவள் எழுதி வைத்த முதல் விதியே, கண்ணால் பார்க்காததை எழுதாதே என்பது. அதை மீறியதற்காக சொந்தச் சித்தியையே வெளியேற்றியவள் அவள். சித்தி இரண்டு வருஷம் பேசவில்லை. சான்ஸாவுக்கு அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஆனாலும் தடுக்கவில்லை. பெசா அவனுக்கும்தானே மகள்.

அவள் எழுதினாள்: "சாம்பல் வேன் இப்போது எங்கள் கடையைத் தாண்டி கிட்வே சாலையில் திரும்பியது. பாலத்து வழியில் வரவில்லை. உள்ளே பிள்ளைகள். நான் என் கண்ணால் பார்த்தேன்."

அனுப்பிவிட்டுச் சிவப்புக் கைக்காகக் காத்திருந்தாள். ஒரு கைகூட விழவில்லை.

உண்மையை எத்தனை தடவை போட்டும் நிற்கவிடாத அந்தக் கூட்டம் பொய்யைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியது. தேநீர் ஆறுவதற்குள் அது எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. "நானும் பார்த்தேன்" என்று ஒருவர் எழுதினார். "டிரைவர் முகத்தைத் துணியால் மூடியிருந்தான்" என்றார் இன்னொருவர். "பிள்ளைகள் கத்தியது கேட்டது" என்று ஒரு பெண்.

இல்லாத வேனை இத்தனை பேர் பார்த்துவிட்டார்கள்.

"பாலத்தை விட்டுக் கிளம்பு, எல்லாரும் கிட்வே ரோட்டுக்கு!" என்று ஊர்க்காவலன் போட்டான். சான்ஸா மனைவியின் தோளில் கை வைத்தான். சனிக்கிழமைக்குப் பிறகு அவன் அவளைத் தொட்டது அப்போதுதான்.

கடையைப் பூட்டிக்கொண்டு இருவரும் வீட்டுக்குப் போனார்கள். அடுப்பு மூட்டினாள், அணைத்தாள், மறுபடி மூட்டினாள். வாசலுக்கும் உள்ளுக்கும் எத்தனை முறை நடந்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

மதியம் சாய்ந்த நேரத்தில் பின்சந்தில் ஹாரன் கேட்டது.

"அம்மா, பசிக்குது! மாமா வழியில ஒண்ணுமே வாங்கித் தரல, சரியான கஞ்சன்" என்று கத்திக்கொண்டு இறங்கினாள் பெசா. கம்பாம்பா மகளை இழுத்து அணைத்துக்கொண்டு, ஓவென்று அழுதுவிட்டாள். லுபுடோ தோளில் சர்க்கரைவள்ளி மூட்டையோடு விழித்தான்.

"என்னக்கா? யாரு செத்துட்டா?"

சான்ஸா முதலில் வேனைக் கொல்லைக்குள் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடினான். பிறகுதான் சொன்னான். கேட்டு முடித்த லுபுடோ நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான்.

"பாலத்துகிட்ட கூட்டமா நின்னாங்க, மச்சான். எனக்கு முன்னாடி ரெண்டு கரி லாரி. ஏதோ விபத்துன்னு நெனச்சேன். திடீர்னு எல்லாரும் போனைப் பாத்தாங்க. ஓன்னு கத்திக்கிட்டு ஒரு டிப்பர்ல தாவி ஏறிப் போயிட்டாங்க. லாரிக்காரங்களும் நானும்தான் கட்டையை நகத்திப் போட்டுட்டு வந்தோம்." மடியில் இருந்த மூட்டையைக் கீழே இறக்கினான். "எல்லார் கையிலயும் கல்லு இருந்துச்சுக்கா."

"சாப்பிடு" என்றாள் கம்பாம்பா. சோளமாவுக் களியான ந்ஷிமாவைக் கிளறித் தட்டில் வைத்தாள், பக்கத்தில் கபெண்டா மீன். பெசா விரல் சூடுபட உருட்டி விழுங்கினாள். அந்தச் சத்தத்தை கம்பாம்பா காது நிறையக் கேட்டுக்கொண்டு நின்றாள். தப்பித்துவிட்டோம் என்று நினைத்தாள். வாய்விட்டே சொன்னாள்.

லுபுடோ முதல் உருண்டையை எடுத்தவன் நிறுத்தினான்.

"எங்க அந்த எலி தின்னி? கேலி பண்ணினவனை நான் நாலு கேள்வி கேக்க வேணாமா?"

கம்பாம்பா கரண்டியைக் கீழே வைத்தாள்.

ஜெரேவை அவள் அனுப்பியிருந்தாள். எந்த வண்டியில் போனான், எந்த வழியில் போனான், எதுவும் அவளுக்குத் தெரியாது. பொய் எழுதிய நேரத்தில் அவன் நினைப்பே அவளுக்கு வரவில்லை.

போனை எடுத்தாள். அவன் பேசி அனுப்பிய குரல் செய்தி ஒன்று அவள் கேட்காமல் கிடந்தது. அழுத்தினாள்.

"பெம்பா அக்கா, அழாதீங்க! பாஸ்டர் வேனை வாங்கிட்டேன், பெட்ரோலுக்கு மட்டும் நாலு தடவை ஜெபம் பண்ணச் சொன்னாரு மனுஷன். ம்போங்வே பக்கம்தான் போயிட்டிருந்தேன். அதுக்குள்ள மச்சான் கடை நம்பர்ல நீங்க போட்டதைப் பாத்தேன். நல்லவேளை! கிட்வே ரோட்டுக்குத் திருப்பிட்டேன். உங்க குரங்கு தின்னித் தம்பியை முழுசாக் கொண்டுவந்து ஒப்படைக்கறேன், அப்புறமாவது வாசல்ல நிக்க விடுவீங்கள்ல?"

குரலில் பழைய சிரிப்பு திரும்பியிருந்தது. அவனை அந்தச் சாலையில் திருப்பிவிட்டது அவள் எழுதிய வரி.

"பாஸ்டர் வேன்" என்றான் லுபுடோ மெதுவாக. "அதுவும் என்னுது மாதிரியே சாம்பல்தானே, அக்கா?"

பெசா சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள்.

கம்பாம்பா ஜெரேவைக் கூப்பிட்டாள். மணி அடித்தது. நெடுநேரம் அடித்தது. எடுத்தார்கள்.

பேசியது ஜெரே இல்லை. பின்னால் பெருங்கூச்சல். தகரத்தின்மேல் எதுவோ அடிபடுகிற சத்தம். ஓர் இளைஞனின் குரல் மூச்சிரைக்கக் கேட்டது.

"யாரு? 'அக்கா'ன்னு பேர் வருது. இந்த ஆள் உங்களுக்கு என்ன வேணும்?"

பெம்பாக்காரி ங்கோனிக்காரனுக்கு என்ன வேணும்? இத்தனை வருஷமாக அதற்கு அவளிடம் நூறு கேலி இருந்தது.

"தம்பி" என்றாள் கம்பாம்பா. "என் கூடப்பொறந்த தம்பி. அவனை ஒண்ணும் பண்ணிடாதீங்க. அவன் பேர்ல எந்தத் தப்பும் இல்ல. பொய் சொன்னவ நான்."

அந்தப் பக்கம் அந்த இளைஞன் போனை வாயிலிருந்து விலக்கிக்கொண்டு யாரிடமோ உரக்கச் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"அண்ணே, அவன் அக்கா லைன்ல இருக்கா. அவளும் கூட்டாளிதானாம், அவளே ஒத்துக்கறா. வீடு எங்கன்னு கேக்கவா?"